பிடிமண்ணார் வகையறா

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மார்மன் கிறிஸ்தவர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய மரம் ஒன்றை வரைந்து மாட்டியிருக்கிறாராம். இலைக்கு இலை ஒரு பெயர். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பாலைவனம் தாண்டி வந்து குடியேறிய முதல் ஆளில் தொடங்கி, போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும் அதில் இருக்கிறார்களாம். முன்னோரைத் தேடிப் பிடித்து எழுதி வைப்பது அவர்களுக்குச் சாமி காரியம் மாதிரியாம். அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு மகன் எனக்குப் போன் போட்டான்.

"அப்பா, நமக்கும் இந்த மாதிரி ஒண்ணு போடணும். நம்ம சர்நேம் எங்கருந்து வந்துச்சு, மொதல்ல வந்தது யாரு, எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. நீங்க பத்திரம் எழுதுறவரு, உங்களுக்குத் தெரியாததா?"

சர்நேமாம். நமக்கு ஏது சர்நேம்? விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று யாரோ சொன்னதும், இவனாக எங்கள் வகையறாப் பெயரை எடுத்து அதில் போட்டுவிட்டான். பிடிமண்ணார். இப்போது என் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

பெயருக்குக் காரணம் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். கிழக்கே மழை பொய்த்த காலத்தில் பிழைப்புத் தேடி மயிலாடும்பாறைப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துணியில் முடிந்து கொண்டுவந்து, மயிலாடும்பாறையில் வைத்துக் கோயில் எழுப்பினார்கள். அந்தப் பிடிமண் கோயிலில் மாசி சிவராத்திரிக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் எல்லாரும் பிடிமண்ணார். எல்லாரும் பங்காளிகள், அதாவது அண்ணன் தம்பிகள். அவர்கள் பிள்ளைகளும் அண்ணன் தங்கைதான். ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இதை ஒரு காலத்தில் நான் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

எனக்கு ஒரே தங்கச்சி. அறுபது வயதாகிறது. கல்யாணம் ஆகவில்லை. கம்பத்தில் என் வீட்டிலேயே பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். இங்கேயே ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறாள். கேரளாவிலிருந்து வருகிற காயைக் குவித்துவைத்துப் பச்சை வேறு, வெடித்தது வேறு என்று பொறுக்குகிற வேலை. அவள் துணிகூட ஏலக்காய் மணக்கும். என் பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை, அந்த மணம் வீட்டுக்குள் வந்தால்தான் வாசல் கதவைச் சாத்துவாள்.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் ஊரில் எல்லாரும் ஒரே பதில் சொல்வார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். அது பாதிப் பொய். மீதியைச் சொல்ல வேண்டியவன் நான்.

அவளுக்கு இருபத்தொரு வயதில் மயிலாடும்பாறைக்காரன் ஒருவன் மேல் விருப்பம். நல்ல பையன். மொச்சையும் நிலக்கடலையும் போடுகிற மானாவாரிக் காட்டுக்காரன். ஒரே குறை, அவன் குடும்பமும் பிடிமண்ணார். அப்போது நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு உட்கார்ந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய பத்திரங்களின் கூட்டெழுத்தைத் தடவாமல் படிக்கிற ஆள் அந்தச் சுற்றில் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஏகத் தலைக்கனம். எங்கள் அப்பாவும் காலமாகிவிட்டதால் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்.

அவன் நேரே என் மேஜைக்கே வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை.

"அண்ணே, நம்ம ரெண்டு குடும்பமும் பங்காளி இல்லைன்னு எங்கய்யா சாகும்போது சொன்னாக. மாமன் மச்சான் முறைதானாம். எல்லாம் இந்தப் பத்திரத்துல இருக்குன்னாக. எங்க யாருக்கும் படிக்கத் தெரியல. நீங்க ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

நான் பையைத் தொடக்கூட இல்லை. பேனாவின் பின்பக்கத்தால் அவன் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

"ஏலே, ஒரே சாமியக் கும்பிட்டுக்கிட்டு அவகூடப் பொறந்தவன் நீ. தங்கச்சியக் கட்ட பத்திரம் தூக்கிக்கிட்டு வந்திருக்கியா? எந்திரிச்சுப் போயிரு."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பாதித்தவன் நான்.

அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தங்கச்சி வேண்டாம் என்றாள். திட்டிப் பார்த்தேன். அடிக்கக்கூடச் செய்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அவனுக்கு ஆண்டிபட்டியிலிருந்து பெண் எடுத்தார்கள். அடுத்த மாசியில் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் வகையறாவில் பிறந்த பெண்களுக்கு, வருஷத்துக்கு ஒரு வீட்டார் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்ணன் வீட்டுச் சேலை. அந்த வருஷம் அவன் வீட்டு முறை. வரிசையில் என் தங்கச்சி நின்றாள். அவன் தாம்பாளத்தை நீட்டி, "இந்தா தங்கச்சி" என்றான். அப்படிச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நீலச் சேலை, மாம்பழக் கலரில் கரை. பார்த்துக்கொண்டு நின்ற நான், எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நிம்மதிப்பட்டேன். மடையன். அவள் அந்தச் சேலையைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

இந்தக் கதையெல்லாம் தெரியாத என் மகன் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுப் பத்திரங்களை வைத்துத் தாத்தாவின் அப்பா வரைக்கும் போனேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கும் பழைய பத்திரம் யாரிடம் இருக்கும் என்று யோசித்தால், சுற்றிச் சுற்றி அந்த மஞ்சள் பையில் வந்து நின்றது. முப்பத்தொன்பது வருஷம் கழித்து, எனக்குத் தேவை என்றதும் அது பத்திரமாகிவிட்டது பாருங்கள்.

தேனியில் பஸ் மாறி, கண்டமனூர் வழியாக மயிலாடும்பாறை போய் இறங்கினேன். அவனுக்கும் தலை நரைத்து, ஒரு கண்ணில் புரை அறுவை செய்திருந்தார்கள். என்னைக் கண்டதும் துண்டை எடுத்து உதறிக் கட்டிலில் போட்டு உட்காரச் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தான். அதே பைதான், மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது.

"இத்தன வருசத்துல வேற யார்ட்டயும் காட்டலியா?" என்று கேட்டேன்.

"காட்டி என்னண்ணே செய்ய? முடிவு சொல்றது நீங்கதான. நீங்களே பாக்கலைன்ன பெறகு வேற யாரு படிச்சா என்ன?"

மடிப்பில் கறையான் அரித்திருந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து முத்திரைத்தாள். எங்கள் வகையறாவின் முதல் ஆள் எழுதிக்கொடுத்த தான பத்திரம். 'என் உடன்பிறந்த தங்கையைக் கொண்டவரும், என்னோடு இவ்வூருக்கு வந்து எனக்குச் சரிபாதியாய்க் காடு திருத்தினவருமான என் மைத்துனர்' என்று இருந்தது. அந்த மைத்துனர்தான் இவன் குடும்பத்தின் முதல் ஆள். கீழே இன்னும் இருந்தது. 'மேற்படி மைத்துனர் தன் குலசாமிக்குப் போய்வர வழியில்லாதபடியால், நான் கொண்டுவந்த பிடிமண் கோயிலிலேயே சேர்ந்து கும்பிட்டு வருகிறார்.'

அவ்வளவுதான் சங்கதி. தூரத்துச் சாமிக்குப் போக முடியாமல் மச்சானுடைய கோயிலில் பொங்கல் வைத்தார் ஒருவர். இரண்டு தலைமுறை போனதும் சேர்ந்து கும்பிட்டவர்கள் எல்லாரையும் ஒரே ரத்தமாக்கிப் பங்காளி என்றுவிட்டோம். அவன் என் தங்கச்சிக்கு அண்ணன் இல்லை. அவளைக் கேட்க எல்லாரையும் விட உரிமை உள்ள முறைமாப்பிள்ளை. எழுதி, ரேகை வைத்து, பதிவும் செய்திருக்கிறது. அன்றைக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால் போதும்.

"இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. என்ன எழுதியிருக்கு?"

அவன் மனைவி காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள். நல்ல மனுஷி. முகம் பார்த்து, "சீனி போதுமாண்ணே?" என்று கேட்டாள். அவளை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்ல? அவளை வைத்துக்கொண்டு என்று இப்போது சாக்குச் சொல்கிறேன். அவள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"காட்டுக்கு நாலு பக்கமும் எல்லை எழுதியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அவன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான்.

"அம்புட்டுத்தானா? நானும் என்னமோன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்திட்டேன்" என்று சொல்லி, மடிப்புக் கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்தான். பஸ் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்கு லீவு. மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மயிலாடும்பாறை போனீகளாம்ல?"

பஸ்ஸில் போய் வந்ததை மறைக்க முடியாது. கண்டமனூரில் பஸ் ஏறினவர்கள் யாரோ சொல்லியிருப்பார்கள். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இரண்டாவது தடவை அதே பொய்யைச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரத்தில் இருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அவன் பையைக் கொண்டுவந்ததையும், நான் பேனாவால் தள்ளியதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. பத்திரம் என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. அவன் வந்து கேட்கவே இல்லை, பயந்துகொண்டு ஆண்டிபட்டியில் பெண் எடுத்துவிட்டான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

அவள் அழவில்லை. கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அப்ப அவுக எனக்கு அண்ணன் இல்ல."

"இல்ல ஆத்தா."

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு எனக்கு அண்ணன்?"

கேட்டுவிட்டு என் தட்டில் ரசத்தை ஊற்றினாள். நான் அதைச் சாப்பிட்டேன். எழுந்திருக்கத் தைரியம் இல்லாமல் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். மரம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டான். பத்திரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வகையறாப் பெரியவர்களிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும்? கூடி உட்கார்ந்து இரண்டு நாள் பேசுவார்கள், அந்தக் குடும்பத்தைக் கோயிலை விட்டு விலக்குவதா வேண்டாமா என்று. என் தங்கச்சி அந்தப் பேச்சில் எங்கேயும் வர மாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். நீலச் சேலை, மாம்பழக் கலரில் கரை. மடிப்பு மடிப்பாகக் கோடு வெளுத்திருந்தது. பாச்சை உருண்டை வாசம் அடித்தது. என்னைப் பார்க்காமல் படியிறங்கி, ஏலக்காய்க் கடை வேன் வருகிற முக்கில் போய் நின்றாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள்.

"என்னக்கா, புதுச்சேலையா? யாரு எடுத்துக் குடுத்தாக?" என்று ஒருத்தி கேட்டாள்.

என் தங்கச்சி அதிர்ந்து பேசுகிறவளே இல்லை. அன்றைக்கு எங்கள் வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு முறையானவுக எடுத்துக் குடுத்தது."

வேன் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் போனாள்.