செவுளில் பூசிய சிவப்பு

யார் என்ன சொன்னாலும் சரி, திருவொற்றியூர் குப்பத்துச் சின்னப்பையன் பைத்தியம் இல்லை. வெள்ளைக்காரன் போய்விட்டால் எல்லோரும் யோக்கியமாகிவிடுவார்கள் என்று நம்பினான், அவ்வளவுதான். கொடியேற்றி இரண்டு வருஷம் ஆயிற்று. ரேஷன் அரிசியில் கல் கூடியது. கள்ளுக்கடையை மூடினார்கள், மீன் கூடைக்கடியில் சாராயம் ஊர்வலம் போனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். ஆனால் அன்று காலை அவன் பெண்சாதி மங்கம்மாவே நேற்றைய மீனின் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்புச் சாயம் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி இது?”

“செவுள் வெளுத்துக் கீதே, எவன் வாங்குவான்? ஊரே பூசுது.”

“இனிமே மனுசன் மூஞ்சியிலியே முழிக்க மாட்டேன். கடலுக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன்!”

விடுவிடுவென்று கரைக்கு நடந்தான். அங்கேதான் வந்தது வினை. கட்டுமரம் கட்டை கட்டையாகப் பிரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் அணைத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் கட்ட முடியும். காலால் அணைத்தான், பல்லால் கயிற்றை இழுத்தான். கட்டை உருண்டது, கூடவே அவனும் உருண்டான்.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டான். “அம்புரோஸு, கொஞ்சம் புடி.”

“எங்க மாமு கெளம்பிட்ட?”

“மனுசனே இல்லாத எடத்துக்கு.”

“அப்ப நான் இன்னா, நண்டா?”

கட்டி முடித்துத் தள்ளினார்கள். அலை திருப்பித் தள்ளியது. பாதிக் குப்பம் சிரித்துக்கொண்டே ஓடிவந்தது.

“திருட்டுப் பசங்களா! உங்க சங்காத்தமே வேணாம்! இன்னும் ரெண்டு பேர் வாங்கடா, தள்ளுங்கடா!”

ஐலசா போட்டு அவனை உலகத்தைவிட்டே தள்ளிவிட்டார்கள்.

அலை தாண்டினால் ஒரே அமைதி. சின்னப்பையன் பாட்டுக்கூடப் பாடினான். தூண்டிலில் கை நீள வஞ்சிரம் ஒன்று துள்ளி ஏறியது. செவுளைத் திறந்தான். அப்பா, யாரும் பூசாத சிவப்பு! “பாருடா!” என்று கத்தினான். பார்க்க ஒரு காக்கை கூட இல்லை. இடப்பக்கம் காட்டினான், வலப்பக்கம் காட்டினான், வானத்துக்கும் காட்டினான். அப்புறம் கரையைப் பார்த்துத் துடுப்பு போட்டான்.

கரையேற்றவும் ஆள் வேண்டுமே! இடுப்பளவு தண்ணீரில் மங்கம்மா நின்றாள்.

“யோவ், கயித்தப் போடு!”

“இனிமே பூசுவியா?”

“மொதல்ல எறங்கு!”

“பூசுவியான்னு கேக்கறேன்!”

“பின்னால அலை வருதுய்யா!”

கயிற்றை எறிந்தான். பிடித்த அவள் கையில் காலையில் தடவிய சாயம் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே வஞ்சிரத்தைத் தலைக்கு மேல் தூக்கினான்.

“பாருடி, இதான்டி செவப்பு! இழு, இழு!”

அலை இருவரையும் சேர்த்து மணலில் உருட்டியது. மீனை மட்டும் அவன் விடவில்லை.