நிற்காத வைஃபைக்காகக் காஞ்சிபுரத்தில் இரண்டு நாள்

என் கைபேசியில் இருந்த அத்தனையையும் என்னைக் கேட்காமல் அழித்தார்கள். எந்தக் குறைக்காகக் கொடுத்தேனோ அந்தக் குறையை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பயணத்தைச் சொல்வேன். செல்போன் ரிப்பேருக்காகக் காஞ்சிபுரம் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

நான் செவிலிமேட்டில் இருக்கிறேன். வயது அறுபத்தெட்டு, பட்டு நெசவு. எட்டாவதோடு பள்ளி முடிந்தது. கம்ப்யூட்டரும் கொஞ்சம் ஆங்கிலமும் நானாகக் கற்றுக்கொண்டவை. என் மனைவி சரசுவுக்குப் பத்து வருடமாகக் காது கேட்காது. எதிரில் இருப்பவர் உதடு அசைவதைப் பார்த்தே புரிந்துகொள்வாள். எங்கள் மகள் கோமதி மஸ்கட்டில் இருக்கிறாள், நிறைமாதம். வீடியோவில் முகம் தெளிவாகத் தெரிந்தால்தான் தாயும் மகளும் பேச முடியும். மூன்று வாரமாக வைஃபை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. வாய் திறந்தபடி கோமதியின் முகம் உறைந்து நிற்கும். சரசு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் சிம் நெட் ஒரு கோடுதான், அதை நம்ப முடியாது.

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபை பெயரை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தேன். பேட்டரி சேமிப்பை நிறுத்தினேன். மஸ்கட்டில் கோமதிக்கு வளைகாப்பு முடிந்த அதே வாரத்தில்தான் பிராட்பேண்ட் ஆள் வந்து பெட்டியை மாற்றிவிட்டுப் போனார். பழியை அதன்மேல் போட்டு, அவரையும் இரண்டு முறை வரவழைத்தேன். பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சொன்ன விதம் பிடிக்கவில்லை என்றாலும் சொன்னது சரி.

செவ்வாய்க்கிழமை காலை 9.10க்கு இருவரும் டவுன் பஸ் ஏறினோம். பஸ் நிலையம் நான்கு கிலோமீட்டர். சரசுவுக்கு இலவசம், எனக்கு ஆறு ரூபாய். சர்வீஸ் சென்டர் அங்கிருந்து நடக்கிற தூரம். காலை பத்துக்குத் திறக்கிறார்கள். டோக்கன் எடுக்க வேண்டும். எனக்குப் பதினான்கு.

"கவரைக் கழட்டிக் குடுங்க சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். கழற்றிச் சரசு கையில் கொடுத்தேன். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். கண்ணாடி அறைக்குள் போய் இன்னொருவரிடம் ஏதோ பேசினார். பிறகு வெளியே வந்து, "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார்.

எதிரில் இருந்த டிபன் கடையில் உட்கார்ந்தோம். தோசை வந்தது. பாதி சாப்பிடும்போது சரசு கேட்டாள்:

"ரீசெட்டுன்னா இன்னாங்க?"

அவள் பேசினால் கடை முழுக்கக் கேட்கும். "யார் சொன்னது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"கண்ணாடிக்குள்ள போயி அந்தக் கவுன்டர் ஆளு சொன்னாரே. 'பெருசுதானே, செக் எல்லாம் வேணாம், ரீசெட் அடிச்சுக் குடுத்துடு'ன்னு. நல்ல மருந்து போலன்னு நெனச்சிக்கினேன்."

தோசையை விட்டுவிட்டு ஓடினேன். சாலையைக் கடந்து உள்ளே போவதற்குள் போனில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டிருந்தது. கோமதி நேரம் கிடைக்கும்போதெல்லாம் அம்மாவுக்காக முகத்தைக் காட்டிப் பேசி அனுப்பிய முப்பத்தொரு வீடியோக்கள் அதில் இருந்தன. வைஃபை அறுந்த நாட்களில் சரசு அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. கோமதியிடம் கேட்டோம், அவளிடம் நான்குதான் மிச்சம்.

"ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே சார்" என்றார் கவுன்டர்காரர்.

படிவத்தை வாங்கி அங்கேயே நின்று முழுக்கப் படித்தேன். தகவல்கள் இழக்க நேரலாம் என்று ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. கேட்காமல் அழிப்போம் என்று எங்கும் இல்லை. அதைச் சொன்னேன். "இப்ப பாருங்க, வைஃபை சூப்பரா வேல செய்யுது" என்று காட்டினார். அங்கே வேலை செய்தது. வீட்டுக்கு வந்து கவரை மாட்டி உள் அறையில் பேசினோம். ஆறாவது நிமிடம் அறுந்தது. போன் செய்து சொன்னேன். "அப்ப போர்டு போயிருக்கும் சார், மாத்தணும்" என்றார்கள். அந்தக் கவுன்டர்காரருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை போன் என்று கணக்கு வைத்திருப்பார்கள், தெரியும். அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

வியாழக்கிழமை மறுபடி கிளம்பினோம். அன்றைக்குக் கோமதி மருத்துவமனைக்குப் போகிறாள், பகல் பன்னிரண்டு மணிக்குள் டாக்டர் சொன்னதைச் சொல்வாள். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் நல்ல ரிப்பேர் கடை கேட்டேன்.

"போர்டு போச்சுன்னு சொன்னாங்களா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"எனக்கும் அதான் சொன்னாங்கபா. மேரியம்மா கிட்ட போனேன், தூசியத் தட்டிக் குடுத்துச்சு. ஏறுங்க."

திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையில், சுமார் மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய். பெயர்ப்பலகை கிடையாது, சுவரில் பெயின்டால் 'செல் ரிப்பேர்' என்று எழுதியிருக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. மேரிக்கு நாற்பது வயதிருக்கும். போனை நீட்டினேன், வழக்கம்போலக் கவரைக் கழற்றிவிட்டு.

"கவரோட குடுங்க ஐயா. நோயாளியப் பாதி ஊட்ல வுட்டுட்டு வந்தா நான் யாரைப் பாக்கறது?"

சரசுவுக்குக் காது கேட்காது என்று சொன்னதும், அவளைப் பார்த்துத் திரும்பி நிதானமாகப் பேசினார். "அம்மா, ஊட்ல எப்படிப் புடிச்சிக்கினு பேசுவீங்களோ, அப்படியே புடிங்க." சரசு பிடித்தாள். தன் வைஃபையில் போனை இணைத்து, சிக்னல் அளக்கும் செயலி ஒன்றை ஏற்றினார். கழித்தல் குறியோடு எண் வரும். எண் பெரிதானால் சிக்னல் பலவீனம். கவரோடு எழுபத்தொன்பது. கழற்றினார், நாற்பத்தெட்டு.

கவர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதற்குள் ஒரு ஜரிகைத் துண்டு வைத்திருந்தேன். தறியிலிருந்து புடவையை அறுக்கும்போது மிஞ்சுகிற துண்டை நாங்கள் வீச மாட்டோம். பர்ஸில் வைப்போம், சாமி படத்தில் வைப்போம், இப்போது போனில் வைக்கிறோம். இது கோமதியின் வளைகாப்புப் புடவையில் மிஞ்சியது. என் கையால் நெய்தது. வளைகாப்பு அன்றுதான் கவருக்குள் வைத்தேன்.

"அசல் ஜரிகையா ஐயா?"

"பின்னே? பிளாஸ்டிக் ஜரிகை என் தறியில் ஏறினதே இல்லை."

"அதான் வெனை. அசல்னா வெள்ளி. வெள்ளிய நெருக்கி நெய்ஞ்சி ஆன்டெனா மேல மூடிட்டா சிக்னல் எங்க நுழையும்? உங்க ரவுட்டர் பக்கத்துல ஓடும், உள் ரூமுக்குப் போனா செத்துடும். சரியா?"

சரிதான். ஆனால் ஒருமுறை பார்த்து நான் நம்புகிறவன் இல்லை. ஆறு முறை மாட்டிக் கழற்றச் சொன்னேன். ஆறு முறையும் அதே கதை. சரசு கடை அதிரச் சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேன், அத சாமி கிட்ட வைங்கன்னு. மூணு வாரமா ரவுட்டரத் திட்டிக்கினு இருந்தாரு, அது வாய் பேசாதுன்னு!" மேரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

11.52க்குக் கோமதி அழைத்தாள். மேரி ஸ்டூலைச் சாலையோரம் வரை இழுத்துப் போட்டார், தூரத்திலும் நிற்கிறதா என்று பார்க்க. நின்றது.

"மா, நாளைக்குக் காலையில ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. குழந்தை திரும்பலையாம். பயமா இருக்குதுமா."

சரசு கண் இமைக்காமல் பார்த்தாள். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. "அழாத. எனக்கு வாய் தெரியல. கண்ணத் தொடச்சிட்டு மறுபடி சொல்லு" என்றாள். கோமதி மறுபடி சொன்னாள். இருபத்திரண்டு நிமிடம் பேசினார்கள். படம் ஒருமுறைகூட உறையவில்லை.

மேரி வாங்கிக்கொண்டது ஐம்பது ரூபாய், அதுவும் நான் வற்புறுத்தியதால். வெள்ளிக்கிழமை எங்கள் உள் அறையில் இருந்தபடியே பேத்தியைப் பார்த்தோம். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. மயக்கம் முழுதாகத் தெளியாத கோமதி முனகியதைக்கூடச் சரசு படித்துவிட்டாள். குழந்தை அப்பா ஜாடையாம்.

ஜரிகையை வைத்தது நான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவர்கள் கவரைக் கழற்றச் சொன்னார்களே தவிர, அதற்குள் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே ஆக வேண்டியவை:

காஞ்சிபுரத்து நெசவாளர்கள் இன்றே போன் கவரைத் திறந்து ஜரிகையை எடுத்துவிட வேண்டும். காந்தம் வைத்த கவர், இரும்புத் தகடு ஒட்டிய கவர் வைத்திருப்பவர்களும் கழற்றிப் பார்க்க வேண்டும். போர்டு போச்சு என்று யார் சொன்னாலும் அதற்குப் பிறகு நம்பலாம்.

ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர்கள், வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்களோ அப்படியே கொண்டுபோக வேண்டும். படங்களை முதல் நாளே பென் டிரைவில் ஏற்ற வேண்டும். நான் இப்போது ஞாயிறுதோறும் ஏற்றுகிறேன். மேரியின் கடைக்குப் போகிறவர்கள் ஒரு மணிக்கு முன் போக வேண்டும், பிறகு மூன்று வரை மூடியிருக்கும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், அனுப்பியதை உடனே அழிக்காமல் தங்களிடமும் வைத்திருக்க வேண்டும். கோமதியிடம் சொல்லியாயிற்று.

சர்வீஸ் சென்டர் நிர்வாகம், அழிப்பதற்கு முன் வாயால் கேட்க வேண்டும். படிவத்தைத் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும். இதைப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை மாதம் ஒரு கடிதம் போகும்.

அந்தக் கவுன்டர்காரர் ஒரு முறை செவிலிமேடு வர வேண்டும். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சரசுவின் முன் உட்கார்ந்து, அந்த இருபத்தேழு வீடியோ எப்படிப் போனது என்று அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொல்ல வேண்டும்.