ஸ்பிரிங் அண்ணன் இரண்டு தடவை விழித்த கதை

மெத்தைக் கடையில் அவரை எல்லோரும் ஸ்பிரிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பிரிங் மெத்தை விற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கி, "பாருங்க, தானா எழுந்துக்குது" என்பார். வந்தவர்கள் சிரித்தபடியே வாங்கிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்ற அந்த மனிதருக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது.

அவர் கண் சிவந்து திரிவதைப் பார்த்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் ஓர் அட்டையை நீட்டினான். "ஒண்ணும் பண்ணாது மாமா. குழந்தை மாதிரி தூங்குவீங்க."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று போட்டுக்கொண்டார். தலை கிறுகிறுத்ததே தவிர கண் சொக்கவில்லை. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்று போட்டார். அந்த மாத்திரையின் குணமே போட்டதை மறக்கடிப்பதுதான். சந்தேகம் திரும்பத் திரும்ப வந்தது. அட்டை காலியானது. கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலில் சும்மா சாய்ந்தார்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "தூங்கினா இப்படித் தூங்கணும்" என்றார் ஒருவர். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. இது ஸ்பிரிங் அண்ணனின் புது வியாபாரத் தந்திரம் என்றே நினைத்தார். கடைக்குள் பேசியவர்களை, "மெதுவா, மெதுவா" என்று அடக்கினார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி உள்ளே வந்து, "இதே மெத்தைதான் வேணும்" என்று அடம்பிடித்தது.

மெத்தையைத் தூக்க வந்த ஆள் அவரை உலுக்கினான். அசையவில்லை.

"யோவ், நடிச்சது போதும்யா. வித்தாச்சு!" என்றார் முதலாளி. குனிந்து பார்த்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. முதலாளி ஆட்டோவைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் தோளை அழுத்திக் கிள்ளிப் பார்த்தார். முகம் சுளிக்கக்கூட இல்லை. சட்டைப் பையில் காலி அட்டை கிடைத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், இதயத்துடிப்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் மனைவிக்கு போன் போட்டார்.

"இந்த மாத்திரையை ரொம்ப நாளா சாப்பிடறாரா? வலிப்பு ஏதாவது வந்திருக்கா? பழகினவங்களுக்கு மாற்று மருந்து கொடுத்தா வலிப்பு வரலாம், அதான் கேக்கறேன்."

"ஐயோ இல்லைங்க. என் தம்பி நேத்துதான் கொடுத்தான்!"

மாற்று மருந்தை ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். சற்று நேரத்தில் ஸ்பிரிங் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வாங்க மேடம். ஸ்பிரிங்கா, பஞ்சா?"

"இது ஆஸ்பத்திரிங்க."

அவர் படுக்கையை அமுக்கிப் பார்த்தார். "இது மெத்தையே இல்லை மேடம், பலகை. நம்மகிட்ட..." என்றவர், பேச்சின் நடுவிலேயே மறுபடி தூங்கிப்போனார்.

மனைவி அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "முழிச்சிட்டார்னு சொன்னீங்களே!"

"மாற்று மருந்து சீக்கிரம் தீர்ந்துடும்மா. மாத்திரை அவ்வளவு சுலபமா உடம்பை விட்டுப் போகாது. மூச்சு மறுபடி குறையுது, இன்னொரு தடவை கொடுக்கணும்."

கொடுத்தார்கள். விழித்தார்.

"ஏங்க, நான் என்ன குறை வெச்சேன்? இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"சாகவா போட்டேன்? தூங்கத்தானே போட்டேன்."

"தூக்கம் ஏன் வரலை?"

"நீ விடற குறட்டைதான். கல்யாணமான நாள்லேர்ந்து."

வார்டே திரும்பிப் பார்த்தது. "குறட்டையா? நானா?" என்று அவள் நிமிர்வதற்குள் அவர் கண் மூடிவிட்டது.

அவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு ஊசி போடுங்க டாக்டர். நான் பேசி முடிக்கலை!"

"இப்போ மூச்சு நல்லா வருதும்மா. சண்டை போடறதுக்கெல்லாம் ஊசி போட முடியாது."

சாயங்காலம் அவர் தானாகவே எழுந்தார். எதுவும் ஞாபகம் இல்லை.

"நான் குறட்டை விடறேன்னு சொன்னீங்களே?"

"சேச்சே, யார் சொன்னா?"

அவள் சாட்சிக்கு நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். நர்ஸுக்குத் திடீரென்று அடுத்த கட்டிலில் வேலை வந்துவிட்டது.

மறுநாள் வரை கண்காணிப்பில் வைத்துத்தான் அனுப்பினார்கள். மச்சானுக்கு டாக்டரிடம் நல்ல டோஸ் கிடைத்தது. வீட்டில் மனைவி தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். கோபம் ஒன்றுமில்லை, அங்கே காற்று நன்றாக வருகிறதாம். இப்போது ஸ்பிரிங் அண்ணன் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறார். அதுதான் வம்பாகிவிட்டது. விடுமுறை நாளில் மத்தியானம் அவர் கொஞ்சம் அயர்ந்துவிட்டால் போதும், அவள் வந்து தோளைக் கிள்ளுவாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. தூங்கறீங்களா, இல்லை மயக்கமான்னு பார்த்தேன்."

"தூங்கிட்டிருந்தேன்."

"அப்போ சரி, தூங்குங்க."