ஒரு ஆள் சாப்பாட்டுக்கான ஐஸ் பெட்டி: சோஹார் போய் வந்தேன்

2008 ஜூன். இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தி, வளைகுடாக் கடைகளில் அரிசி விலை ஏறிக்கொண்டே போன நேரம். என் மனைவியின் தம்பி செல்வராசு ஓமானில் சோஹார் பக்கம் ஒரு கட்டிட சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான். இன்னொரு முறை படுத்தால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டாராம். போய்ப் பாருங்கள் என்று வீட்டில் ஒரே அழுகை.

துபாயிலிருந்து மஸ்கட்டின் ரூவிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறி சோஹாரில் இறங்கிக்கொள்ளலாம், ஐம்பத்தைந்து திர்ஹம். ஹத்தா எல்லையில் ஒரு மணி நேரம் வரிசை (தொப்பி இல்லாமல் போகாதீர்கள்). மடியில், நான் இருக்கும் ஷார்ஜாவில் வாங்கிய, ஒரு பொட்டலம் மட்டும் பிடிக்கும் சின்ன ஐஸ் பெட்டி. சோஹார் டாக்ஸிக்காரர் இருபது கிலோமீட்டரும் அரிசி விலையைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

முன்பெல்லாம் சைட்டுக்கு மதியம் சூடாகச் சாப்பாடு வருமாம். விலை ஏறியதும் மெஸ்காரர் மதிய வண்டியை நிறுத்திவிட்டார். விடிவதற்குள் சமைத்த சாம்பார் சாதம் விடிகாலையில் பொட்டலமாக வந்து, நண்பகல் வரை கண்டெய்னர் ஓரம் கிடக்கிறது. நான் போய்ச் சேர்ந்த மதியம் செல்வராசு தன் பொட்டலத்தைப் பிரித்ததும் புளித்த வாடை அடித்தது.

"ஊர்ல பழைய சோறு தின்னு வளந்த வயிறு மச்சான், ஒண்ணும் பண்ணாது" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய சோறு என்பது வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது, இது பருப்போடு சூடாக மூடி வெயிலில் கெட்டது என்று கத்தினேன். தலையை ஆட்டினான். நாளையிலிருந்து உன் பொட்டலம் வந்ததும் இதில் வை என்று பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

இரவு சோஹாரில் தங்கி, மறுநாள் மதியம் மறுபடி போனேன். அவன் பொட்டலம் கெடாமல் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் நடுவில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில், மற்ற ஏழு பேருடைய புளித்த சோற்றின் மேல் அதைக் கொட்டிப் பிசைந்துவிட்டான். அங்கே தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

"தனியா வச்சுத் திங்க முடியுமா மச்சான், இவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

கேம்ப்பில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டி வாங்கினால் அந்த ரூமுக்கே போதுமான பெரிய பெட்டியாக வாங்குங்கள். மறுபடி வயிற்றுப்போக்கில் படுத்து, செல்வராசு ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. பெட்டி சைட்டிலேயே இருக்கிறதாம். அதில் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்களாம்.