தேத்தண்ணியும் சின்னம்மாவின் மூச்சும்

புந்தோங்கில் நாங்கள் போகும் தேவாலயத்தில் அன்று பெரிய வெள்ளி ஆராதனை. பாடகர் குழுவின் முன்வரிசையில் சின்னம்மா நின்றார். அவருக்கு நேர் பின்னால் நான். கீர்த்தனையின் கடைசிச் சரணத்தைப் பெண்களில் ஒருவர் மட்டும் தனித்து எடுத்துப் பாட வேண்டும். அது எப்போதும் சின்னம்மாவுக்கு உரியது. குரல் மேலே ஏறியது, ஏறிய இடத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு அறுந்தது. வாய் திறந்தபடியே இருக்க, சத்தம் வரவில்லை. முன்னாலிருந்த மரத்தடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார். சபையில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். சிலுவைப் பாடுகளை நினைத்துத் துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று எண்ணினார்கள். அவர் முதுகு ஏறி இறங்குவதை அருகிலிருந்து பார்த்த எனக்கு, அது அழுகை இல்லை, மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. மணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். லகாட் ஊரைத் தாண்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருவரும். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டத் தொடங்கியபோது குடும்பம் புந்தோங்கின் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. அதுவரை பால்மரம் வெட்டிய அம்மா இங்கே வந்து வீட்டு வேலைகளுக்குப் போனார். வயதில் மிகவும் இளையவரான சின்னம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில், ஓட்டை இருக்கிறதா என்று கையுறைகளைச் சோதிக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடியே செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைத் தவிர அவருக்கென்று இந்த உலகத்தில் வேறு எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

தோட்டத்தை விட்டு வந்தாலும் தோட்டத்துப் பழக்கம் ஒன்று கூடவே வந்தது. பாலில்லாத, சீனி தூக்கலான கறுப்புத் தேநீர், எங்கள் பேச்சில் தேத்தண்ணி. விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அதுதான் பாதிச் சாப்பாடு. எங்கள் வீட்டில் தட்டில் சோறு விழும்போதே பக்கத்தில் தேத்தண்ணிக் குவளையும் வந்துவிடும். பருப்பு, கீரை, ஒரு துண்டு கருவாடு. ஒரு வாய் சோறு, ஒரு மிடறு தேத்தண்ணி. சின்னம்மா வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய பிளாஸ்க்கில் இருப்பதும் அதுதான். கறி எடுப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்றும் அவர் எங்களுக்கு வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார்.

களைப்பு எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்தூக்கி பழுதான நாட்களில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். தலைவாரும்போது சீப்பு நிறைய முடி வந்தது. தெருவோர ஒட்டுக்கடையில் குளிர்பானம் வாங்கினால் பானத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் ஐஸ் கட்டிகளைக் நறுக்கு நறுக்கென்று கடித்துத் தின்பார். அதை நாங்கள் வேடிக்கையாகப் பார்த்தோம். அதுவும் உடம்பில் இரும்புச் சத்து வற்றிப்போவதன் அடையாளமாக இருக்கலாம் என்று அன்று எங்களில் யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு அது எரிச்சலாக இருந்தது.

"பால்மரம் வெட்டி, வாளி தூக்கி நடந்த எனக்கு வராத களைப்பு, ஏசில நிக்கிற ஒனக்கு எங்கேர்ந்துடி வருது?"

"வேணும்னேவா செய்றேன்? மேல ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா."

"அப்ப சூடா தேத்தண்ணி குடி. தெம்பு வரும்."

அவரும் குடித்தார். களைப்பு கூடக்கூடத் தேத்தண்ணியும் கூடியது.

பெரிய வெள்ளிக்குப் பிறகு ஒருநாள் தொழிற்சாலையில் மயங்கி விழுந்தார். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரும்புச் சத்து மிகவும் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் போயின, மாத்திரைகள் தீர்ந்தன, களைப்பு தீரவில்லை. போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். "மாத்திரையும் தின்னாச்சு. எல்லாம் மனசுலதான் இருக்கு," என்றார் அம்மா. அதைக் கேட்டுக் கேட்டுச் சின்னம்மாவே அதை நம்பத் தொடங்கியதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. "எனக்கு விசுவாசம் பத்தல போல," என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார். பாடகர் குழுவின் வெள்ளை அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தேவாலயத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அதன்பின் வேறொரு கிளினிக்குக்கு நான்தான் அவரை அழைத்துப் போனேன். அங்கே தாதியாக இருந்த தமிழ் மிஸ்ஸி அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது.

"மாத்திரைய எதோட முழுங்குறீங்க, அக்கா?"

"தேத்தண்ணியோடதான் லா. வெறும் தண்ணில முழுங்குனா கொமட்டுது."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். நிதானமாக இன்னும் சிலவற்றைக் கேட்டார். மாதாமாதம் அளவுக்கு மீறி உதிரம் போவதைச் சின்னம்மா அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"தேத்தண்ணி மட்டும் காரணம் இல்லக்கா. ரத்தம் அவ்ளோ போவுது, அதுக்கு டாக்டர் தனியா பாக்கணும். ஆனா கீரையிலயும் பருப்புலயும் மாத்திரையிலயும் இருக்குற இரும்புச் சத்த ஒடம்பு எடுத்துக்க விடாம தேத்தண்ணி தடுக்குது. குடிங்க, சோத்தோட வேணாம், மாத்திரையோட வேணாம். ஒன்னு ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க."

திரும்பி வரும் பேருந்தில் சின்னம்மா, வீட்டை நெருங்கும்போது, "இவ்ளோதானா?" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நோய் பெரிதாக இருந்திருந்தால் ஒருவேளை அப்படி அழுதிருக்கமாட்டார்.

அம்மா கடைசிவரை அதை ஏற்கவில்லை. "தோட்டத்துல தேத்தண்ணி குடிக்காத பொம்பள யாரு? அவளுங்க எல்லாம் செத்தா போயிட்டாளுங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. செத்துப் போகவில்லைதான். ஆனால் அம்மாவின் கல்யாணப் படத்தில் வரிசையாக நிற்கும் தோட்டத்துப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். உதடு வெளுத்து, கண் குழிந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் களைப்பு நோயாக இருந்தது என்று இனி யார் சொல்வது? எல்லோருக்கும் இருந்ததால் அது யாருக்குமே நோயாகத் தெரியவில்லை. அம்மாவும் அந்தப் படத்தில் இருக்கிறார்.

சிகிச்சைக்குப் பிறகு சின்னம்மாவுக்கு உடம்பு மெல்லத் தேறியது. மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். ஐஸ் தின்னும் ஆசை தானாகவே போயிற்று. அவர் திரும்பிப் போனபோது தேவாலயம்தான் மாறியிருந்தது. இளைஞர்கள் கிட்டாரும் கீபோர்டும் வைத்துப் புதுப் பாடல்கள் பாடினார்கள். பழைய பாடகர் குழு கலைந்துவிட்டது. சின்னம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து, சபையோடு சபையாகப் பாடிவிட்டு வந்தார். அவர் மூச்சு திரும்பி வந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் அம்மா இறந்தார். அடக்க ஆராதனையில், அம்மாவுக்குப் பிடித்த பழைய கீர்த்தனை ஒன்றைப் பாட முடியுமா என்று போதகர் கேட்டார். இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னம்மா எழுந்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்று, கையில் புத்தகம்கூட இல்லாமல், பல்லவியிலிருந்து கடைசிச் சரணம்வரை தனியாகப் பாடினார். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறினார், நிற்க வேண்டிய நேரம் முழுக்க நின்றார். குரலில் வயது தெரிந்தது. மூச்சு எங்கேயும் அறுபடவில்லை. அழுதுகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாடி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா இந்தப் பாட்டக் கேட்டிருந்தா, இப்பவாச்சும் நம்பியிருப்பா லா," என்றார்.