கடல் தெரிந்த அறை

நான் சீவலப்பேரிக்காரன். கோயில் கொடை விழாக்களில் மகுடம் என்ற எருமைத்தோல் மேளம் அடிப்பது தொழில். கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் கலைவிழாவுக்கு எங்களை அழைத்தார்கள். தங்குவதற்கு மலைக்கிராமத்து வீடு வேண்டுமா, கடலோர ஓட்டல் வேண்டுமா என்று கேட்டார்கள்.

கூட அடிக்கும் சுடலை அண்ணன், “தோலு காய்ச்ச நெருப்பு போட இடம் உண்டான்னு கேளுலே” என்றார்.

“கடலப் பாத்துக்கிட்டு படுக்கக் குடுத்து வச்சிருக்கணும். சும்மா இரும் வே” என்று ஓட்டலைச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் ஈரக்காற்றில் தோல் தொய்ந்தது. நெருப்பில் காட்டினால்தான் அது விறைக்கும்; ஓட்டலிலோ தீக்குச்சிகூட உரசக் கூடாதாம். மேடையில் மகுடம் அட்டைப்பெட்டி மாதிரிச் சத்தம் போட்டது. பாதியில் ஆட்கள் எழுந்து போனார்கள்.

“எருமை ரெண்டாவது தடவ செத்துட்டுலே” என்றார் அண்ணன். மலைக்கிராமத்து வீட்டு முற்றத்தில் விறகடுப்பே இருந்ததாம்.

இப்போது யார் கூப்பிட்டாலும், நெருப்பு போட இடம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த மேடைக்குப் பிறகு அண்ணன் என்னோடு அடிக்க வருவதில்லை. பக்கத்தில் நின்று அடிப்பது வேறு ஆள்.