மேலகரம் தாண்டி நின்றுபோன செல்போன்கள்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் நாங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ரோடு எங்களுடையது இல்லை என்று எப்போதோ ஒப்புக்கொண்டாயிற்று. அதனால், சீசன் கூட்டம் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஆராய்ந்து சொல்லும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கம்பெனி சென்னையில். நான் தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். செல்போன்கள் எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு நகர்கின்றன என்ற விவரம் எங்களுக்கு வரும். பெயர் இருக்காது, நம்பர் இருக்காது. யாரோ ஒருவர் தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போனார் என்பது மட்டும் தெரியும். ஒரு போன் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அந்த ஆள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கணக்கு. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் மேலாளர் குற்றாலத்தைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் வீடியோ காலில் உற்சாகமாகக் கேட்டார்.

"மேலகரம் தாண்டி ஒரு இடத்துல ஜனங்க ரொம்ப நேரம் தங்குறாங்க. சனிக்கிழமைன்னா எக்கச்சக்கம். அங்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். வீடு, தென்னந்தோப்பு."

"கோயில்? பார்க்?"

"டிராஃபிக் ஜாம் சார். அவங்க தங்கல. மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"டேட்டா அப்படிச் சொல்லலையே" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

நான் மெயில் எழுதினேன். ஓர் இடத்துக்கு வந்து தங்குகிறவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புவார்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள், சேர்ந்து நகர்கிறார்கள் என்று படம் போட்டு விளக்கினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். 'பார்க்கலாம்' என்று வந்தது. அதற்கடுத்து வந்தது அறிக்கையின் வரைவு. அதில் அந்த இடம் 'புதிதாக வளர்ந்துவரும் பொழுதுபோக்கு மையம்' ஆகியிருந்தது. கார் நிறுத்துமிடம் கட்டப் பரிந்துரை வேறு. மடிக்கணினியை மூடிவிட்டுப் போய், பாத்திரங்களைப் போட்டு உருட்டிக் கழுவினேன்.

"ஏட்டி, பாத்திரம் என்ன செஞ்சுது?" என்றார் என் கணவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த மனுசன இங்கன வரச் சொல்லு. ஒரு சனிக்கிழம போதும்" என்றார்.

வந்தார். ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகத் தென்காசியில் ரயிலிலிருந்து இறங்கியவரை எங்கள் காரிலேயே கூட்டிக்கொண்டு கிளம்பினோம். மேலகரம் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் வேன், பின்னால் பஸ், பக்கத்தில் எங்கள்மேல் உரசாத குறையாக ஒரு ஜீப். தூறல் வேறு. ஒரு மணி நேரம் போனது. சாருக்குச் சர்க்கரை வியாதி. முதலில் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "இங்க எங்கயாவது பாத்ரூம் இருக்குமா?" என்றார்.

இறங்கி, ரோட்டோரம் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா திறந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே, "பாத்ரூமா? வலது பக்கம் போங்க. செருப்ப அங்கன கழத்துங்க" என்றார். "சனிக்கிழமயானா இந்தக் கதவச் சாத்தவே முடியல. வாராவ, போறாவ, ஒரு வாளி தண்ணி ஊத்துதாவளா?"

சார் உள்ளே ஓடினார். என்ன வேலையாக வந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"செல்போன வச்சு ஆராய்ச்சியா? போன சீசன்ல எங்க வீட்ல அவுகளுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் அந்தா, அந்தத் திருப்பத்துல நிக்குது. சத்தம் கேக்குது, வர முடியல. தோப்புல தேங்கா அள்ளுத தள்ளுவண்டில அவுகளப் படுக்க வச்சு, நானும் எம் மவனும் தள்ளிக்கிட்டுப் போனோம். கார்ல இருந்தவுக செல்போன்ல படம்லா புடிக்காவ! ஒருத்தராவது எறங்கி ஒரு கை கொடுத்தாவளா?"

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர், தான் பிழைத்திருப்பதைக் காட்டுவதற்கென்றே கையை உயர்த்தினார். சார் குளியலறை வாசலில் ஈரக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.  கிளம்பும்போது அந்த அம்மா என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வண்டி மறுபடி நகர ஆரம்பித்ததும், "தங்குறதையும் மாட்டிக்கிறதையும் தனித்தனியா பிரிக்கணும்மா" என்றார் சார். என் கணவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம், நானும் போயிருந்த மாவட்ட அதிகாரிகள் கூட்டத்தில், "நேர்ல போனப்போ நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்" என்று ஆரம்பித்து, நான் மெயிலில் அனுப்பிய படத்தையே போட்டு விளக்கினார். தள்ளுவண்டிக் கதையையும் சொன்னார், நன்றாகவே சொன்னார்.  எனக்கு எரிச்சலில் காது சூடாகிவிட்டது. ஆனால் வேலை நடந்தது, அதை மறுக்க முடியாது. சனி, ஞாயிறுகளில் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி என்று மாற்றினார்கள். வண்டிகள் நகர்ந்தன.

மாற்றிய இரண்டாம் வாரமே அந்த அம்மா போன் செய்தார். "இப்பம் ஒரு பய நிக்க மாட்டேங்கான். பறக்கான். எதுத்த கடைல தயிர் வாங்கப் போவ முடியல. ஒரு வேகத்தடை போடச் சொல்லு."

"அம்மா, அது என் வேலை இல்ல."

"ரோட்ட மாத்துனது மட்டும் ஒன் வேலையோ?"

 ஒரு திங்கள்கிழமை விடுப்புப் போட்டு, அவரோடு போய் மனு கொடுத்தேன். அங்கே இல்லை, இங்கே என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு படியிலும் அந்த அம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். வேகத்தடை போட்டார்கள். சீசன் முடிந்து, அருவியில் தண்ணீர் வற்றி, ரோட்டில் ஆடு மட்டும் படுத்துக் கிடந்த ஒரு வாரத்தில். வெள்ளைக் கோடுகூட அடிக்கவில்லை. என் கணவர் அதைக் கவனிக்காமல் வேகமாக ஏற்றிவிட்டார். காரின் அடிப்பாகம் டமாரென்று இடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தவர், "ஏட்டி, இதுக்குத்தான் லீவு போட்டு மனு குடுத்தியா?" என்றார்.